காற்றை மிச்சம் பிடித்தவர்

என் அக்காவின் கணவரை பேக்கரியில் எல்லோரும் ‘தணல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரர் என்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. இந்த வீட்டில் அந்த வேலையை மொத்தமாக நான்தான் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். பெயர் வந்தது அடுப்பால். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பழைய பேக்கரியில் விறகு எரிக்கும் செங்கல் அடுப்பு ஒன்று உண்டு. ஆள் குனிந்து நுழையலாம், அத்தனை பெரிது. சாயங்காலம் கடைசி ரொட்டியை எடுத்த பிறகு தணலை ஓரமாகக் குவித்து, மேலே சாம்பலால் மூடி, காற்று போகும் துவாரத்துத் தகட்டை விரல் நுழையும் அளவுக்கு மட்டும் திறந்துவிட்டு வருவார். மறுநாள் போய்ச் சாம்பலை விலக்கினால் உள்ளே நெருப்பு கண் விழித்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் மூடினால் ஒன்று அணைந்துவிடும், அல்லது எரிந்து தீர்ந்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர்.

அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் இரண்டு தோளிலும் மாவு மூட்டையைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுவாராம். அதுவும் பேசிக்கொண்டே. அது நான் கேள்விப்பட்டதுதான். என் கல்யாணம் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் நான் பெட்டியோடு வந்து நின்றபோது, ஊரே எதுவும் கேட்காத மாதிரி எல்லாவற்றையும் கேட்டது. அத்தான் மட்டும் “சின்னவளே, உள்ள ஜன்னல் பக்கம் கட்டில் போட்டிருக்கேன், கொசு கடிச்சா என்னைத் திட்டாத” என்றார். அவ்வளவுதான் விசாரணை. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கட்டில் என்னுடையது.

நான் செருப்புக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே அடுத்தவர் காலைப் பார்ப்பது என் பிழைப்பு. அக்காவுக்குக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. வேலைக்குப் போகிற அம்மாக்கள் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு ஊட்டி, துடைத்து, தூங்கவைத்து, சாயங்காலம் வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவாள். சொந்தமாகப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, பேச நேரமும் இருந்ததில்லை.

அத்தானுக்கு இருமல் எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விறகுப் புகைக்கும் மாவுத் தூசிக்கும் நடுவில் நிற்பவர் இருமாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிறகு படி ஏறும்போது பாதியில் நின்று சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் படிப்பார். அதே விளம்பரத்தைத் தினமும் படிப்பார். பிறகு மூட்டை தூக்குவதை நிறுத்தினார், பிறகு ரொட்டியை அடுப்புக்குள் தள்ளி எடுக்கும் நீளத் துடுப்பைப் பிடிப்பதை. கடைசியில் வேலையையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். உதடு கருத்துப்போயிருந்தது. அடுப்பு வெக்கையில் கருத்தது என்று சொல்லிக்கொண்டோம். கால் வீங்கி, போட்டிருந்த செருப்பு இறுக்கியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கடையிலிருந்து அடுத்த அளவு செருப்பு கொண்டுவந்து கொடுத்தேன். அதுவும் இறுக்கியது. அதற்கும் அடுத்த அளவு கொண்டுவந்தேன்! அத்தான் அதைப் போட்டு நடந்து பார்த்துவிட்டு, “இப்படியே போனா உங்க கடையில எனக்கு அளவு தீந்துடும்மா” என்றார். சிரித்தோம்.

நுரையீரல் டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. அத்தானின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கழுத்தைத் திருப்பச் சொல்லிப் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தார். விரல் நுனியில் ஒரு கவ்வியை மாட்டிவிட்டு, அதில் வந்த எண்ணையும் அத்தானின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இவ்வளவு கம்மியான ஆக்சிஜனை வச்சுக்கிட்டு எப்படிங்க இப்படி உக்காந்து பேசிட்டு இருக்கீங்க?”

“ஒண்ணும் தெரியலையே டாக்டர். நடந்தாதான் மூச்சு வாங்குது.”

“அதான் பிரச்சினையே. உடம்பு பழகிடுச்சு. உங்களுக்குத் தெரியலை, உங்க இதயத்துக்குத் தெரியுது.”

நெஞ்சில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் வலது பக்கம், அதாவது நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளும் பக்கம், வீங்கிப்போயிருக்கிறது என்றார்கள். நீர் இறங்க மாத்திரை கொடுத்தார்கள். வீட்டிலேயே ஓட்டுகிற ஆக்சிஜன் மிஷின் வேண்டும், நாளில் முக்கால்வாசி நேரம் மூக்கில் குழாய் இருக்க வேண்டும், தூங்கும்போது கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நெருப்பே கூடாது. அதைக் கேட்டதும் அத்தான், “காலமெல்லாம் நெருப்போட குடும்பம் நடத்தினவன் நான். இப்ப விவாகரத்து வாங்கித் தர்றீங்க” என்றார். டாக்டர் அம்மா அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

மிஷின் வந்தது. ஒரு சின்ன அலமாரி உயரம், கீழே சக்கரம். உர்ரென்று ஒரு சத்தம், நடுநடுவே பெருமூச்சு. அவர்கள் படுக்கும் அறையில் வைத்தோம். சமையலறை வீட்டின் மறுகோடியில் இருந்ததால் அடுப்பு நெருப்பின் தொல்லை இல்லை. முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எனக்குத் தலைவலி வந்தது. அக்காவுக்கோ அதுதான் நிம்மதி. மத்தியானம் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் காப்பகத்திலிருந்து போன் பண்ணுவாள். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பாளே தவிர, அவள் காது பதிலில் இருக்காது. பின்னால் மிஷின் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாள்.

அப்படி மாதங்கள் ஓடின. அத்தான் தேறவில்லை. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் துண்டைத் தூக்கிப் போடக்கூடத் தெம்பிருக்காது. கால் வீக்கம் மாத்திரையில் வற்றும், திரும்ப வரும். மறுபடியும் ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் அம்மா வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கிறது, வலது பக்க இதயம் முன்பைவிடத் தளர்ந்திருக்கிறது என்றார்.

“மிஷின் ஒழுங்கா போடறாரா?”

“போடறாரு டாக்டர். நான் போன் பண்றப்பல்லாம் ஓடிக்கிட்டுதான் இருக்கு” என்றாள் அக்கா. சத்தியம் பண்ணச் சொல்லியிருந்தால் அதையும் பண்ணியிருப்பாள்.

மிஷின் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சோதித்தார். மிஷின் கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் நோயே வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அடுத்து, இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தத்தை நேரடியாக அளக்க வேண்டும் என்று டாக்டர் அம்மா பேச ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அத்தான் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். அக்கா என் காதருகே சொன்னாள்: “ஆக்சிஜனும் வேலை செய்யலைன்னா அப்புறம் என்னடி இருக்கு? அந்தம்மா முகத்தைப் பாத்தியா? அவங்களுக்கே ஒண்ணும் தெரியலை. நான் எதையாவது தப்பா பண்றேனோ? சமைக்கிற புகையா? தலைகாணியில இருக்கிற தூசியா?” மறுநாள் விடிந்ததும் தலையணைகளை எல்லாம் பிரித்து வெயிலில் போட்டாள். காப்பகத்தில் பிள்ளைகளைத் துடைத்துவிட்டு வந்து, இங்கே ஜன்னலைத் துடைத்தாள். அவளைப் பார்க்கவே எனக்கு ஆயாசமாக இருந்தது. வேலையைக் குறை என்றால் கேட்கிற ஜன்மமா அவள்?

ஒருநாள் எங்கள் கடையில் குடிநீர்க் குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். மத்தியானமே கடையை மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது உள்ளறையில் மிஷின் உறுமிக்கொண்டிருந்தது. தூங்குகிறார் போலிருக்கிறது என்று மெதுவாக எட்டிப் பார்த்தேன். கட்டிலில் ஆள் இல்லை. குழாய் மட்டும் தலையணைமேல் கிடந்து உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது.

கழிவறைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். அங்கேயும் இல்லை. பின்கதவைத் தள்ளினால், துணி துவைக்கும் கல்லில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். கையில் பழைய செய்தித்தாள். உதடு நாவல்பழ நிறம். என்னைப் பார்த்ததும் செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

“என்ன அத்தான் இது?”

“சும்மா... காத்து வாங்கலாம்னு.”

“காத்தா? உள்ள ஒரு மிஷின் உங்களுக்குன்னு காத்து ஊதிக்கிட்டு இருக்கு. அதைத் தலைகாணிக்குக் குடுத்துட்டு நீங்க இங்க வந்து காத்து வாங்கறீங்களா?”

எவ்வளவு நாளாக என்று கேட்டேன். சப்பைக்கட்டு கட்டிப் பார்த்தார். மூக்கு காய்ந்துபோகிறது என்றார், காது மடலில் குழாய் அறுக்கிறது என்றார். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எல்லாம் வந்தது. பகலில் நாங்கள் இருவரும் கிளம்பியதும் மிஷினைப் போடுவார். கழற்றிவிட்டு வெளியே வந்துவிடுவார். அக்கா போன் பண்ணுகிற நேரத்துக்கு உள்ளே போய் மிஷின் பக்கத்தில் நின்று பேசுவார். இரவிலும் அவள் அயர்ந்ததும் கழற்றிவிடுவார், அவள் எழுவதற்குள் மாட்டிக்கொள்வார். முதல் மாதத்திலிருந்தே இப்படித்தான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அந்தத் தெருவில் எத்தனை பேர் காதில் விழுந்ததோ, எனக்குக் கவலையில்லை. அவர் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் மூச்சு விட நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

“சின்னவளே, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. தணல் எரிஞ்சு தீராம இருக்கணும்னா என்ன பண்ணணும்? காத்தைக் கொறைக்கணும். தகட்டை முழுசா திறந்து விட்டா நல்லாத்தான் எரியும், பிரகாசமா இருக்கும். ஆனா சீக்கிரம் சாம்பல். கொஞ்சமா காத்து விட்டா, மெதுவா, ரொம்ப நேரம் நிக்கும். வாழ்க்கை பூரா இதைத்தானே பண்ணேன்? என் நெஞ்சுல மிச்சம் இருக்கறது கொஞ்சம். அதுக்கு ராப்பகலா காத்து ஊதினா பொசுக்குனு முடிஞ்சுடும். குழாயைப் போட்டாலும் அதே மூச்சுதான், போடாட்டியும் அதே மூச்சுதான், எனக்கு வித்தியாசமே தெரியலை. அப்ப எதுக்கு வீணாக்கணும்? அதான் அடக்கி வச்சிருக்கேன்.”

“இதை டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“படிச்சவங்க. மனசு கஷ்டப்படுவாங்க.”

எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. மடத்தனம் என்று தள்ளவும் முடியவில்லை. மனிதருக்குத் தெரிந்த ஒரே சங்கதியை வைத்து யோசித்திருக்கிறார். தப்பாக யோசித்திருக்கிறார்.

“மிஷினை ஏன் ஓடவிட்டீங்க? அணைச்சு வைக்க வேண்டியதுதானே?”

“சத்தம் கேக்கலைன்னா உங்க அக்கா வேலையைப் போட்டுட்டு ஓடி வருவா. அவளுக்கு அந்தச் சத்தம் வேணும்.” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “அவகிட்ட சொல்லிடாத” என்றார்.

“நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுவீங்க. டாக்டர் முன்னாடி, அக்காவை வச்சுக்கிட்டு. இல்லேன்னா அந்தக் கட்டிலை நீங்களே வச்சுக்குங்க, நான் பெட்டியைக் கட்டறேன்” என்றேன். போவதற்கு எனக்கு வேறு இடம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் பயந்துவிட்டார்.

டாக்டர் அம்மாவின் அறையில் அவர் அதே கதையை, அதே தகட்டோடு, திக்கித் திணறிச் சொன்னார். அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தாள். ‘முதல் மாசத்திலேருந்தே’ என்ற இடம் வந்தபோது அவள் மடியில் இருந்த பையின் காது அறுந்து கையோடு வந்துவிட்டது. அப்படி முறுக்கியிருக்கிறாள். டாக்டர் அம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“உங்க அடுப்புல விறகுதான் எரியுது, அதனால காத்தைக் கொறைச்சா விறகு மிச்சம். உங்க நெஞ்சுல எரியறதுக்கு விறகு எதுவும் இல்லைங்க. அங்க நடக்கறது வேற. நுரையீரல்ல காத்து வராத இடத்துக்கு ரத்தம் போய் என்ன பிரயோஜனம்? அதனால அந்த இடத்து ரத்தக்குழாய் தானாவே சுருங்கிக்கும். சின்னதா ஒரு மூலையில மட்டும் காத்து இல்லேன்னா இது நல்ல ஏற்பாடு, ரத்தம் நல்ல இடத்துக்குத் திரும்பிடும். உங்களுக்கு எல்லா இடத்துலயும் காத்து பத்தலை. எல்லாக் குழாயும் ஒண்ணா சுருங்கினா ரத்தம் எங்க திரும்பும்? வலது பக்க இதயம் அத்தனையையும் எதிர்த்துத் தள்ளணும். ராத்திரியும் பகலும். நீங்க கல்லுல உக்காந்து பேப்பர் படிக்கிறப்பவும் அது மூட்டை சுமந்துக்கிட்டுதான் இருந்துச்சு.”

அத்தான் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

“அதோட ஆக்சிஜன் பத்தலையேன்னு உடம்பு ரத்தத்துல சிவப்பணுவைக் கூட்டும். ரத்தம் கெட்டியாகும். கெட்டியானதைத் தள்றது இன்னும் கஷ்டம். தள்ளித் தள்ளி அந்தத் தசை முதல்ல தடிக்கும், அப்புறம் தொங்கிப்போயிடும். முன்னாடி தள்ள முடியாதது பின்னாடி தேங்கும். அதான் உங்க கழுத்துல புடைக்குது, கால்ல வீங்குது.”

எனக்கு நான் கொண்டுவந்து கொடுத்த செருப்புகள் நினைவுக்கு வந்தன.

“இப்பலேருந்து ஒழுங்கா போட்டா சரியாயிடுமா டாக்டர்?” என்றார் அத்தான். “வேணும்னா விட்டுப்போனதுக்கும் சேத்து ரெண்டு பங்கா வச்சுக்கறேன்.”

“மிஷின்ல அளவு வைக்கிற அந்தக் குமிழைத் தொட்டீங்கன்னா எனக்குக் கோபம் வரும். உங்க நுரையீரலுக்கு அளவுக்கு மீறினாலும் ஆபத்து, கெட்ட காத்து உள்ளயே தங்கி மயங்கிடுவீங்க. நான் வச்ச அளவுல, சொன்ன நேரம். அவ்வளவுதான்.” பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: “சுருங்கினது ஓரளவு விரியும். ஆனா இத்தனை மாசமா சுருங்கியே இருந்ததுல குழாயோட சுவர் தடிச்சுப்போயிருக்கு. அது பழையபடி ஆகாது. போனது போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தலாம்.”

வீடு வரும்வரை அக்கா அறுந்த பைக் காதைக் கையிலேயே பிடித்திருந்தாள். நான் திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்ததெல்லாம் வழியிலேயே தீர்ந்துபோயிருந்தது. களைப்பு மட்டும் மிச்சம். வந்ததும் அத்தான் கட்டிலில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே மிஷினைப் போட்டு, குழாயைக் காதில் மாட்டினார். ஒரு பக்கம் நழுவியது. மறுபடி மாட்டினார். அக்கா நிலைக்கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இங்க பாரு” என்றார் அத்தான். “நான் வேணும்னு பண்ணலை. எனக்கப்புறம் உனக்கு யாரும்மா இருக்கா? இன்னும் கொஞ்ச காலம் உன்கூட இருக்கணும்னுதான் அப்படி அடக்கி வச்சேன். உனக்காகத்தான்...”

“சொல்லாதீங்க.”

அவள் குரல் உயரவே இல்லை. அப்படி ஒரு குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

“எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாதீங்க. பொய் சொன்னீங்க, போகட்டும். ஏமாத்தினீங்க, போகட்டும். ஆனா எனக்காகத்தான் உங்க நெஞ்சைக் கெடுத்துக்கிட்டீங்கன்னா, நாளைக்கு நீங்க இல்லாதப்ப அதை நான் எங்க கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?”

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. அத்தான் குழாயோடு அவளையே பார்த்தார். மூச்சு வாங்கியது. வார்த்தை சேர நேரம் பிடித்தது.

“சரி” என்றார். “எனக்காகத்தான் பண்ணேன். சாகறதுக்குப் பயம். ரொம்பப் பயம். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.”

அதில் எது நிஜம் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கால் இரண்டையும் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வீங்கின இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

“எனக்கும் பயமாத்தாங்க இருக்கு” என்றாள்.